கோல்ஃப் மட்டை பந்தில் படும் கணத்தில் மணிக்கட்டும் உடம்பும்: டர்பனிலிருந்து சில கேள்வி பதில்கள்

டர்பனில் ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேர் சேர்ந்து கோல்ஃப் ஆடப் போனால், மூன்றாவது குழியைத் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "என் கை ஏன் இப்படி மடங்குது?" நான் பயிற்சியாளன் இல்லை. முனிசிபல் மைதானங்களில் பல வருடமாகப் பந்தைத் தொலைத்துக்கொண்டிருப்பவன். ஆனால் பந்தை அடிக்கும்போது மணிக்கட்டு மடங்கிப் புரளும் இந்த ஒரு கோளாறோடு நீண்ட காலம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதனால் இதைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கும். அடிக்கடி வரும் கேள்விகளை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். இடம், வலம் எல்லாம் வலக்கைக்காரர்களுக்குச் சொன்னது. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

மட்டை பந்தில் படும் கணத்தில் கையை எப்படி வைப்பது என்று யோசிக்க முடியுமா?

முடியாது. மட்டையின் முகமும் (பந்தில் படும் தட்டையான பக்கம்) பந்தும் ஒட்டியிருக்கும் நேரம், ஒரு விநாடியை இரண்டாயிரமாகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. அதற்குள் எதையும் திருத்த முடியாது. மட்டை கீழே இறங்கத் தொடங்குவதற்கு முன்பே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது.

ஆனாலும் பந்துக்குத் தெரிந்தது அந்தக் கணம் மட்டும்தான். மட்டையைப் பின்னால் எப்படித் தூக்கினீர்கள், அழகாகத் தூக்கினீர்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நம் தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் பாபி லாக் கிட்டத்தட்ட எல்லாப் பந்தையும் வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் வளைத்துத்தான் அடித்தார். பார்ப்பதற்குப் பாடப்புத்தக ஆட்டம் இல்லை. ஆனால் மட்டை பந்தில் படும்போது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி படும். பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை 1949, 1950, 1952, 1957 என்று நாலு தடவை வென்றார்.

சரி, மணிக்கட்டு எப்படி இருக்க வேண்டும்?

அயர்ன் மட்டைகளை, அதாவது தரையில் கிடக்கும் பந்தை அடிக்கும் இரும்புத் தலை மட்டைகளை, வைத்துச் சொல்கிறேன். பந்தில் படும்போது இடக்கையின் புறங்கையும் முன்கையும் ஏறக்குறைய ஒரே கோட்டில், பலகை போல இருக்க வேண்டும். வலது மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கியிருக்க வேண்டும், கனமான கதவைத் தள்ளும்போது மடங்குமே அதே மாதிரி. இரண்டு கைகளும் பந்தைவிடச் சற்று முன்னால், இடது தொடைக்கு நேராக வந்திருக்கும். அப்போது மட்டையின் தண்டு இலக்கை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். இப்படி வந்தால் மட்டை முதலில் பந்தைத் தொடும், அப்புறம்தான் புல்லைத் தொடும். புல் பெயர்ந்த தடம் பந்து இருந்த இடத்துக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் இருந்தால் கை தாமதமாக வந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பலகை போல என்றதும் எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். குனிந்து பார்க்கும்போது இடக்கையில் மூன்று விரல்கணு தெரியும்படி பிடிப்பவர்களுக்கு, பந்தில் படும்போது புறங்கைப் பக்கம் லேசான மடிப்பு இருந்தாலும் முகம் நேராகவே வரும். ஒரே ஒரு கணு தெரியும்படி பிடிப்பவர்கள் அதே மடிப்போடு வந்தால் பந்து வலப்பக்கத்து வேலிக்குப் போய்விடும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் டஸ்டின் ஜான்சனும் ஜான் ராமும் இடது மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாகவே வளைத்து அடிப்பவர்கள். டிவியில் பார்த்துவிட்டு மறுநாள் அப்படியே செய்யப் போகாதீர்கள். அவர்கள் உடம்பு திரும்பும் வேகம் நமக்கு வராது.

பந்து மேலே போக வேண்டுமானால் நாம்தானே தூக்கிவிட வேண்டும்?

இதுதான் எல்லாக் கோளாறுக்கும் தாய். என்னோடு ஆடும் அண்ணா ஒருவர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பந்தடித்துப் பழகும் ரேஞ்சில் ஒரு நாள் இதையே கேட்டார்.

"தம்பி, பந்து தரையில கிடக்கு. அது மேலே போகணும்னா அடியில கொடுத்துத் தூக்கித்தானே ஆகணும்?"

அவருடைய ஏழாம் நம்பர் அயர்னை வாங்கி, தண்டு நேராக நிற்கும்படி தரையில் வைத்துக் காட்டினேன். "முகத்தைப் பாருங்க அண்ணா. எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"வானத்தைப் பாத்து."

"அப்ப தூக்குற வேலையை அதுகிட்டயே விட்டுடலாமே."

இப்போது வரும் ஏழாம் நம்பர் அயர்ன்களில் அந்தச் சாய்வு பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியோ கொஞ்சம் கூடவோ இருக்கிறது. பந்தை எழுப்ப அது தாராளம். நாம் மணிக்கட்டை மடக்கித் தூக்கினால் அதற்கு மேல் இன்னும் பத்துப் பதினைந்து டிகிரியைச் சேர்க்கிறோம். நம்பர் கூடக் கூட மட்டையின் சாய்வு கூடும், தூரம் குறையும். ஏழாம் நம்பரை எடுத்து ஒன்பதாம் நம்பர் தூரம் அடிப்பது இப்படித்தான். தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஏழாம் நம்பர் மட்டை பந்தில் படும்போது சராசரியாக 4 டிகிரி அளவுக்குக் கீழ்நோக்கியே போய்க்கொண்டிருக்கும். கீழே போகும் மட்டைதான் பந்தை மேலே அனுப்புகிறது.

அண்ணாவின் மணிக்கட்டுக்கு நான் வைத்திருக்கும் பெயர் தோசைத் திருப்பி. தோசைக்கு அடியில் கரண்டியைக் கொடுத்து, சட்டென்று மணிக்கட்டைப் புரட்டுவோம் இல்லையா? கோல்ஃப் மைதானத்தில் வாரா வாரம் நான் பார்ப்பது அந்தப் புரட்டலைத்தான். அன்றைக்கு அவர் கையுறையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கையின் அடிச்சதை மேல், ஐம்பது சென்ட் காசு அளவில் தேய்ந்து ஓட்டை. பிடி அந்த இடத்தில் தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. கடைசி மூன்று விரல்கள் பிடியை விட்டால் மணிக்கட்டு தானாகவே புரளும்.

உடம்பு எந்த நிலையில் இருக்க வேண்டும்?

நிற்கத் தொடங்கியபோது இருந்த நிலையில் இருக்கக் கூடாது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பந்தில் படும் கணம் தொடக்க நிலைக்குத் திரும்பி வருவது என்றே பலருக்கும் ஒரு நினைப்பு. நல்ல ஆட்டக்காரர் பந்தை அடிக்கும் நேரத்தில் அவருடைய இடுப்பு இலக்குப் பக்கமாக 40 டிகிரி அளவுக்குத் திறந்திருக்கும். தோள் அதைவிடக் குறைவாகத் திறந்திருக்கும். எடையில் பெரும்பகுதி இடது காலுக்கு வந்திருக்கும். வலது குதிகால் தரையை விட்டு எழும்பத் தொடங்கியிருக்கும், வலது முட்டி இடது முட்டியை நோக்கி வந்திருக்கும். தலை மட்டும் பந்துக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கும்.

தைப்பூசத்தில் காவடி எடுத்து ஆடுபவரைக் கவனித்துப் பாருங்கள். முதலில் பாதம் திரும்பும், பிறகு இடுப்பு, அதற்கப்புறம்தான் தோளும் மேலே இருக்கும் காவடியும் சுற்றி வரும். காவடியைக் கையால் பிடித்துத் திருப்பினால் அது சாய்ந்துவிடும். கீழிருந்து மேலாகத் திரும்பும் இந்த வரிசையை வாய்விளக்கமாகக் கேட்டு எனக்குப் புரியவில்லை. ஒரு வருடம் தேருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தபோதுதான் விளங்கியது. சாமி கும்பிடப் போன இடத்தில் கோல்ஃப் நினைப்பா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அப்படியானால் முதலில் எதைத் திருத்துவது, மணிக்கட்டையா உடம்பையா?

நான் தலைகீழாகத் தொடங்கினேன். ஒரு பயிற்சியாளர், "கையை முன்னால் தள்ளு, பந்தைத் தாண்டித் தள்ளு" என்றார். மூன்று மாதம் தள்ளினேன். அதற்கு முன் உயரமாகவும் குட்டையாகவும் போய்க்கொண்டிருந்த பந்து, இப்போது தாழ்வாக வலப்பக்கம் ஓடியது. காரணம் எளிது. தண்டை முன்னால் சாய்க்கும்போது மட்டையின் முகமும் கொஞ்சம் வலப்பக்கம் திறந்துகொள்ளும். அந்த முகத்தை மூடுவதற்கு உடம்பு திரும்ப வேண்டும், முன்கை சுழல வேண்டும், அல்லது பிடியாவது மாற வேண்டும். நான் மூன்றையும் செய்யாமல் கையை மட்டும் தள்ளினேன்.

அப்புறம் ஒரு நாள் நண்பர் போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். மட்டை பந்துக்கு அரை அடி பின்னால் இருக்கும்போதே என் இடுப்பு நின்றுவிட்டிருந்தது. மார்பு பந்தைப் பார்த்தபடி, எடை வலது குதிகாலில். உடம்பு நின்ற பிறகு மிச்ச தூரத்தைக் கைதான் ஓட வேண்டும், அதற்கு மணிக்கட்டைப் புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அத்தனை வருடமும் நான் திட்டிக்கொண்டிருந்த மணிக்கட்டு, நின்றுபோன இடுப்புக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே என் பதில்: உடம்பு திரும்புவதை முதலில் பாருங்கள், பிடியை அதோடு சேர்த்துப் பாருங்கள். புரட்டலில் பெரும்பகுதி தானே குறையும். மிச்சமிருப்பதற்குத்தான் மணிக்கட்டுப் பயிற்சி.

பாப்வா கையை மாற்றித்தானே பிடித்தார், நாமும் அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு மடங்காதா?

டர்பனில் இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். செவ்சங்கர் 'பாப்வா' செவ்கோலம் டர்பனின் பீச்வுட் மைதானத்தில் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்குபவராக, இருந்தவர். வலக்கை ஆட்டக்காரர் பிடிக்கும் முறைக்கு நேர்மாறாக, இடக்கையைக் கீழேயும் வலக்கையை மேலேயும் வைத்துப் பிடிப்பார். அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓப்பனை வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனை வென்றபோது, இந்தியர் என்பதால் கிளப் கட்டிடத்துக்குள் அனுமதி இல்லை. மழையில் வெளியே நின்று கோப்பையை வாங்கினார். 1965இல் தென்னாப்பிரிக்காவின் நட்சத்திர ஆட்டக்காரர் கேரி பிளேயரைத் தோற்கடித்து அதே பட்டத்தை மறுபடியும் எடுத்தார். அப்புறம் நிறவெறி அரசாங்கம் அவருக்கு ஆட அனுமதி மறுத்தது. 1978இல் காலமானார். ரிசர்வாயர் ஹில்ஸில் இருக்கும் முனிசிபல் மைதானத்துக்கு இன்று அவர் பெயர்.

பிடிக்கு வருவோம். இடக்கை கீழே இருந்தால் இடது மணிக்கட்டு பின்னால் மடங்குவது கடினம். அது முன்கையோடு ஒட்டியபடியே பந்தைக் கடந்து போகும். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கில் இன்றைக்கும் பலர் இப்படிப் பிடிக்கிறார்கள், அமெரிக்க ஆட்டக்காரர் ஜோர்டன் ஸ்பீத் உட்பட. ஆகவே குட்டையான அடிகளுக்கும் பட்டிங்குக்கும் தாராளமாக முயன்று பாருங்கள். முழு அடிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சிறு வயதிலிருந்தே அப்படி அடித்து அடித்து அவருக்குப் பழகியது அது. நாற்பது வயதில் கையை மாற்றிப் பிடித்து தொலைதூரம் அடிக்கும் டிரைவர் மட்டையைச் சுழற்றினால் மட்டை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பயிற்சியாக இது அருமையானது. குட்டை அடிக்கான வெட்ஜ் மட்டையை எடுத்து, கையை மாற்றிப் பிடித்து, இடுப்புயரம் மட்டும் சுழற்றிப் பத்துப் பந்து அடியுங்கள். பிறகு வழக்கமான பிடிக்கு வாருங்கள். இடது மணிக்கட்டு எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் வாயால் சொல்ல வேண்டியிருக்காது.

வீட்டிலேயே செய்யும்படி என்ன பயிற்சி இருக்கிறது?

பத்துக் கிலோ அரிசி வந்த காலிச் சாக்கை எடுத்து, பழைய துணிகளை இறுக அடைத்து, வாயைக் கட்டுங்கள். பந்து இருக்கும் இடத்தில் அதை வையுங்கள். மெதுவாகச் சுழற்றி மட்டையின் தலை சாக்கில் மோதும்படி விட்டு, அப்படியே நின்றுவிடுங்கள். இப்போது குனிந்து பாருங்கள்: கை சாக்குக்கு முன்னால் இருக்கிறதா, இடது புறங்கை மடங்கியிருக்கிறதா, தொப்புள் எந்தப் பக்கம் பார்க்கிறது, வலது குதிகால் எங்கே? ஓடும் ஸ்விங்கில் (மட்டைச் சுழற்றலில்) பார்க்க முடியாததை இங்கே நின்று நிதானமாகப் பார்க்கலாம். தப்பாக நின்றால் கையாலேயே சரியான நிலைக்குக் கொண்டுவந்து, ஐந்து விநாடி அதில் நில்லுங்கள். வேகமாக அடிக்க வேண்டாம், மணிக்கட்டு வலிக்கும்.

இன்னொன்று மர ஸ்கேல். பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேலை இடக்கையின் கடிகாரப் பட்டைக்குள் செருகி, பாதி புறங்கை மேல் படும்படி விடுங்கள். மணிக்கட்டைப் புரட்டினால் ஸ்கேல் கையில் குத்தும். பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியை நினைவுபடுத்தும் பயிற்சி இது. வாத்தியார் அண்ணா இதைச் சந்தோஷமாகச் செய்கிறார். போட்டி ஆட்டத்தின் நடுவில் மட்டும் இப்படி எதையும் கட்டிக்கொண்டு சுழற்றக் கூடாது, விதி அனுமதிக்காது.

எனக்குப் பிடித்தது கடற்கரைதான். காலையில் தண்ணீர் வடிந்திருக்கும் நேரம் ஈர மணல் கெட்டியாக, ஃபேர்வே (மைதானத்தின் நடுவில் வெட்டிவிட்ட புல்வெளி) மாதிரியே இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, மட்டையின் நுனியால் ஒரு கோடு கிழியுங்கள். கோடு இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இருக்கட்டும். பந்து வேண்டாம். கோட்டுக்கு இலக்குப் பக்கமாக மட்டை மணலைத் தொட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் என் தடங்கள் எல்லாம் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் இருந்தன. இடது காலுக்கு எடையைக் கொண்டுபோனதும் தடம் நகர்ந்தது, கையை நான் ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்கு வந்ததும் மட்டையை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், உப்பு ஏறிவிடும்.

டிரைவருக்கும் இதே நிலைதானா?

இல்லை. டிரைவரில் பந்து டீ என்னும் சின்னக் குச்சியின் மேல், இடது குதிகாலுக்கு நேராக இருக்கிறது. மட்டை தன் கீழ்ப்புள்ளியைத் தாண்டி லேசாக மேலே வரும்போது படுவது நல்லது, முக்கியமாக வேகம் குறைந்தவர்களுக்கு. தண்டு ஏறக்குறைய நேராக இருந்தால் போதும். கையை முன்னால் சாய்த்தால் தூரம் குறைந்துவிடும். இடுப்பு திறப்பது மட்டும் மாறாது.

அடிக்கும்போது என் இடுப்பு பந்தை நோக்கி முன்னால் வந்துவிடுகிறது. என்ன செய்வது?

முதுகு நிமிர்ந்து, பின்புறம் பந்துப் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது, இல்லையா? அப்படி வந்தால் கைக்கு இடமே இல்லை. இடம் இல்லாத கை புரளத்தான் செய்யும். பின்புறம் லேசாகத் தொடும்படி ஒரு நாற்காலியின் முதுகை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு சுழலுங்கள். பின்னால் போகும்போது வலது பக்கம் நாற்காலியைத் தொட வேண்டும், அடிக்கும்போது இடது பக்கம் தொட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நாற்காலியை விட்டு விலகக் கூடாது. பல் தேய்க்கும் நேரத்தில்கூடச் செய்யலாம், நான் செய்திருக்கிறேன்.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இடுப்பு திரும்ப மறுக்கிறதே?

நிற்கும்போதே இடது பாதத்தை இலக்குப் பக்கமாக இன்னும் கொஞ்சம் திருப்பி வையுங்கள். வலது பாதத்தையும் லேசாக வெளியே திருப்பலாம். பின்னால் தூக்கும்போது இடது குதிகால் எழும்பினால் எழும்பட்டும், அதை அடக்க வேண்டாம். முழங்காலும் இடுப்பும் இதில் பெரிதும் இளகும். ஸ்விங் குட்டையானாலும் பரவாயில்லை.

ஜோஹன்னஸ்பர்க்கில் நன்றாக அடிக்கிறேன், டர்பனில் வந்தால் கெட்டுவிடுகிறது. ஏன்?

கொஞ்சம் காற்று, கொஞ்சம் புல். ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது, பந்து ஏறக்குறைய பத்து விழுக்காடு கூடுதலாகப் பறக்கும். புரட்டி அடித்தாலும் தூரம் வந்துவிடுவதால் கோளாறு தெரியாது. இங்கே கடல்மட்டம், பல நாள் எதிர்காற்று வேறு. புரட்டி அடித்த பந்து மேலே எழுந்து, நின்று யோசித்துவிட்டு, உங்கள் காலடிக்கே வருவது போல விழும்.

அப்புறம் கிகுயு என்னும் தடித்த புல். ஃபேர்வேயில் அது பந்தைத் தாங்கி நிறுத்தும், அங்கே எல்லாம் சுகம். ஓரத்துப் புல்லில் மாட்டினால் தடித்த தண்டுகள் மட்டையின் கழுத்தைப் பிடித்து முறுக்கி, முகத்தை இடப்பக்கம் மூடிவிடும். அங்கே கடைசி மூன்று விரல்களை இறுக்கிப் பிடியுங்கள், சாய்வு அதிகமான மட்டையை எடுங்கள், உடம்பை நிறுத்தாமல் திரும்புங்கள். தூரத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

மணிக்கட்டு வலித்தால்?

நிறுத்துங்கள். கட்டைவிரல் பக்கம் வலித்தால் தசைநார் உறை வீங்கியிருக்கலாம், ஓய்வில் பெரும்பாலும் தணியும். மரவேரிலோ கெட்டித் தரையிலோ மட்டை மோதிய பிறகு, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையின் அடியில் வலி நீடித்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். அங்கே கொக்கி போன்ற ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அது உடைந்தால் சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடுவதுண்டு. கோல்ஃப் ஆடுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

போனில் வீடியோ எடுத்தால் எப்படி எடுப்பது?

ஸ்லோ மோஷனில், உங்கள் மார்புக்கு நேர் எதிரே, கையின் உயரத்தில் போனை வையுங்கள். கோணம் தவறினால் கை இருக்கும் இடம் ஏமாற்றும். நல்ல வெயிலில் எடுங்கள், இல்லாவிட்டால் மட்டை வெறும் நிழலாகத்தான் தெரியும்.

ஒன்பது குழி நன்றாக ஆடுகிறேன், பத்தாவதில் மறுபடியும் தோசைத் திருப்பி வந்துவிடுகிறதே?

தென்னாப்பிரிக்காவில் ஒன்பதாவது குழி முடிந்ததும் நிறுத்திச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பது எழுதாத சட்டம். மட்டன் கறி நிறைந்த பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பும் டர்பன் சாப்பாடு) ஒன்றை முடித்துவிட்டு, அரை மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருந்து, நேராக அடுத்த குழியின் தொடக்க இடத்துக்குப் போய் நின்றால் இடுப்பு எப்படித் திரும்பும்? எழுந்ததும் மட்டையைத் தோளுக்குப் பின்னால் குறுக்கே வைத்துப் பத்துத் தடவை இடுப்பைச் சுழற்றுங்கள். பத்தாவதில் டிரைவரை எடுக்காமல் ஐந்தாம் நம்பரை எடுங்கள். அண்ணாவிடம் கால் பன்னி (கால் ரொட்டியில் செய்தது) மட்டும் வாங்கச் சொன்னேன். அவர் இடுப்புப் பயிற்சிக்கு ஒத்துக்கொண்டார், கால் பன்னிக்கு ஒத்துக்கொள்ளவில்லை.